ஒரே வண்டிக்கு மூன்று விலை: பழைய 911-ஐ எப்படி மதிப்பிடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பெரியப்பா வைத்திருந்த 1986-ஆம் வருட போர்ஷே 911 கரேரா கூபே (கூரை நிலையாக உள்ள வகை) இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சில வருடங்களாக ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டி. இணையத்தில் தேடினால், அதே மாடல் அதே வருடத்துக்கு ஒருவர் ஒரு விலை போட்டிருக்கிறார், இன்னொருவர் அதைப் போல இரண்டரை மடங்கு கேட்கிறார். நேரில் வந்து பார்த்த டீலர் சொன்ன தொகையோ இரண்டுக்கும் கீழே. "இதில் யார் ஏமாற்றுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் ஏமாற்றாமலேயே இப்படி மூன்று விலை வரும். உங்கள் வண்டி அந்த இடைவெளியில் எந்த இடத்தில் நிற்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியை ஆய்வு செய்து கொடுப்பதும், இன்சூரன்ஸுக்கும் பாகப்பிரிவினைக்கும் மதிப்பு எழுதிக் கொடுப்பதும் என் தொழில். அதிலும் ஏர்கூல்டு, அதாவது தண்ணீருக்குப் பதில் காற்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் 911 வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் காரைப் பார்க்காமல் ஒரு தொகை சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய நான்கு படங்களில் இது நல்ல சிவப்பு வண்டி என்பது தெரிகிறது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

முதலில் அந்த விளம்பர விலைகளைத் தள்ளி வையுங்கள். விளம்பரத்தில் இருப்பது ஒருவருடைய ஆசை. எட்டு மாதமாக விற்காமல் அதே விலையோடு கிடக்கும் வண்டி, அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலை. அது ஏல முடிவுகளில் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.எம். சோத்பீஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில் வாங்கியவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். பிரிங் எ ட்ரெய்லர் போன்ற இணைய ஏலங்களில் தெரிவது வாங்கியவர் ஏலம் கேட்ட தொகை மட்டும், கமிஷன் தனி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அப்புறம், "இவ்வளவு வரை கேட்டார்கள்" என்று மட்டும் போட்டிருந்தால், விற்பவரின் குறைந்தபட்ச விலையைத் தொடாமல் வண்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அது விலை ஆகாது, ஆனால் ஒரு தகவல்: அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் கொடுக்க ஒருவரும் இல்லை.

ஒரே ஒரு பெரிய விற்பனையைப் பார்த்து மயங்கவும் கூடாது. 2020 ஜனவரியில் 1971-ஆம் வருட டாட்சன் 240இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அதுவரை அந்த மாடலுக்கு யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத தொகை. குறைந்த தூரம் ஓடி, பிரிக்காமல் கொள்ளாமல் அப்படியே பாதுகாக்கப்பட்ட வண்டி, விட்டுக்கொடுக்காமல் மோதிய இரண்டு பேர், அவ்வளவுதான் காரணம். அடுத்த வாரமே துருப்பிடித்த 240இசட் வைத்திருந்தவர்கள்கூட விலையை ஏற்றிவிட்டார்கள், விற்கத்தான் இல்லை. உங்கள் மாடலுக்கும் இப்படி ஓரிரண்டு உச்ச விற்பனைகள் இருக்கும். கடைசி ஒரு வருடத்தில் விற்ற பத்துப் பன்னிரண்டு கூபேக்களை எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதைப் பாருங்கள். பழைய கார்களுக்கு இன்சூரன்ஸ் செய்யும் ஹாகர்ட்டி நிறுவனம் வெளியிடும் விலைக் கையேடு ஒவ்வொரு மாடலுக்கும் நான்கு நிலைகள் வைத்து விலை சொல்கிறது. முதல் நிலை போட்டிக் கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டி, நான்காவது ஓடும் ஆனால் குறை கண்ணுக்குத் தெரியும் வண்டி. சொந்தக்காரர்கள் தங்கள் வண்டியை எப்போதும் இரண்டாவதில் வைப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றாவது.

இனி உங்கள் மாடல். 3.2 லிட்டர் கரேரா 1984 முதல் 1989 வரையிலான மாடல் வருடங்களில் வந்தது, எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் "அரிய வண்டி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அந்த வரிசையில் உண்மையிலேயே அரிதானவை கிளப் ஸ்போர்ட், 1989 ஸ்பீட்ஸ்டர் போன்றவை. உங்களுடையது கூபே என்பது நல்ல விஷயம். கூரையின் நடுப்பகுதியைக் கழற்றும் டார்கா, துணிக்கூரையை மடக்கும் கேப்ரியோலே இரண்டையும்விட அதற்குத்தான் பொதுவாகக் கிராக்கி. 1986 என்பது சற்றுக் குறைவான விஷயம். 1987-இல் ஜி50 என்ற புதிய கியர்பாக்ஸும் ஹைட்ராலிக் கிளட்சும் வந்தன, வாங்குபவர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உங்களுடையதில் பழைய 915 கியர்பாக்ஸ், கேபிள் கிளட்ச். நன்றாகப் பராமரித்த 915 ஓட்டுவதற்கு அருமையானது என்பது என் கட்சி, ஆனால் சந்தை என் பேச்சைக் கேட்பதில்லை. எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன 1986 வண்டிக்கு 207 குதிரைத்திறன், ஐரோப்பிய வண்டிக்கு 231. ஐரோப்பிய வண்டி என்று சொல்லி விற்கப்படும் அமெரிக்க வண்டிகள் உண்டு.

விலையை உண்மையில் தீர்மானிப்பது எது என்றால், வண்டி தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில் எவ்வளவை நிரூபிக்க முடிகிறது என்பதுதான். நீங்கள் பார்த்த இரண்டரை மடங்கு வித்தியாசத்தில் பெரும்பங்கு இதில் அடங்கிவிடும். இரண்டு கார்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். ஒன்றில் பிறந்தபோது வைத்த இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்கின்றன, முதல் நாளிலிருந்து சர்வீஸ் பில்கள் இருக்கின்றன. இன்னொன்றில் இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பில்லும் கிடையாது. முதலாவதை வாங்குபவர் காரை வாங்குகிறார். இரண்டாவதை வாங்குபவர் சந்தேகத்தையும் சேர்த்து வாங்குகிறார், அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ளத்தான் செய்வார்.

எனவே கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள். இந்த வண்டியில் டிக்கி முன்னால். மூடியைத் திறந்து கார்பெட்டைத் தூக்கினால், பெட்ரோல் டேங்க்குக்கு அருகே தகட்டில் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். பதினேழு எழுத்து, எண். பத்தாவது இடத்தில் ஆங்கில ஜி எழுத்து இருந்தால் 1986 மாடல். அந்த எண்ணைச் சுற்றியுள்ள பெயின்டை நகத்தால் தடவிப் பாருங்கள். சுற்றுமுற்றும் இருக்கும் அதே மெல்லிய, சற்று மங்கலான தொழிற்சாலைப் பூச்சு என்றால் நிம்மதி. வெல்டிங் தடமோ, அரம் வைத்துத் தேய்த்த கோடுகளோ, அந்த இடம் மட்டும் பளபளப்போ தெரிந்தால், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறு விஷயம் பேச வேண்டியிருக்கும். பின்பக்கம் இன்ஜின் மூடியைத் திறந்து, பெரிய கூலிங் ஃபேனுக்கு வலப்பக்கம் கிராங்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடி உடலில், அடித்த எண்ணைத் தேடுங்கள். எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கும், ஒரு பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தால் தெரியும். உங்கள் வருடத்துக்கு அது பெரும்பாலும் 63ஜி அல்லது 64ஜி என்று தொடங்கும். ஆங்கில எழுத்து வேறாக இருந்தால் இன்ஜின் மாறியிருக்கிறது. எழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதாது, வேறொரு 1986 வண்டியின் இன்ஜினாகவும் இருக்கலாம். அதை உறுதி செய்ய, போர்ஷே நிறுவனத்திடம் உரிமையாளர் என்ற ஆதாரத்தைக் கொடுத்துத் தயாரிப்பு விவரச் சான்று கேட்கலாம். அவர்கள் ஆவணத்தில் இருக்கும் நிறம், உள்தோல், கூடுதல் வசதிகள் எல்லாம் வரும்.

அதே முன் மூடியின் உட்பக்கம் ஒரு சிறிய காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். சேசிஸ் நம்பர், பெயின்ட் கோடு, வசதிகளின் எண்கள் என்று மங்கிப்போன அச்சு. இதே விவரம் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டும் இருந்து, இரண்டும் பொருந்தி, காரின் நிறமும் அந்தக் கோடும் ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மூடியில் ஸ்டிக்கர் இல்லையென்றால் மூடி மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது பெயின்ட் அடிக்கும்போது உரித்திருப்பார்கள். முன்பக்கம் எங்கோ இடித்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி, தீர்ப்பு அல்ல. புதிதாக அச்சடித்த ஸ்டிக்கர்களும் விற்கின்றன. நாற்பது வருடப் பழைய வண்டியில் வெள்ளை வெளேரென்று ஸ்டிக்கர் இருந்தால் எனக்கு அதுதான் முதலில் உறுத்தும்.

காகிதங்களைத் தேடுவதில் சோம்பல் வேண்டாம். பெரியப்பாவின் பீரோ, மேஜை டிராயர், பழைய ஃபைல் எல்லாவற்றையும் பாருங்கள். பெட்ரோல் பங்க் ரசீதுகூட, தேதியும் கிலோமீட்டரும் குறித்திருந்தால் மதிப்புள்ளது. டூல் கிட், ஜாக், ஸ்பேர் டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் (காற்றில்லாமல் மடங்கிக் கிடக்கும் ஸ்பேர் டயர் இந்த வண்டிக்கு), இரண்டாவது சாவி, ரேடியோவைக் கழற்றியிருந்தால் அந்தப் பழைய ரேடியோ, எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இவற்றைத் தனித்தனியாக வாங்கப் போனால்தான் என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரியும்.

ஓடிய தூரத்தைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள், நானோ கடைசியில்தான் பார்ப்பேன். இந்தக் கால 911 வண்டிகளின் ஓடோமீட்டருக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துபோவது வாடிக்கை. ஸ்பீடோமீட்டர் வேலை செய்துகொண்டே இருக்கும், தூரம் மட்டும் ஏறாது. பலர் வருடக்கணக்கில் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அதனால் மீட்டரில் தெரியும் எண்ணைப் பில்கள் வரிசையாக உறுதி செய்தால்தான் அதற்கு விலை. இல்லையென்றால் பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் சீட்டின் வெளி ஓரத் தோல், கியர் லீவர் தலையின் வழவழப்பு இவற்றை வைத்து ஊகிக்கலாம். அது ஊகம் என்று நான் சான்றிதழிலேயே எழுதுவேன்.

பாடிக்கு வருவோம். 1976 மாடலிலிருந்து போர்ஷே தகடு முழுவதையும் துத்தநாகம் பூசிச் செய்யத் தொடங்கியது. அதனால் இவை அவ்வளவு சுலபமாகத் துருப்பிடிக்காது. துருப்பிடித்திருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது: இடித்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அல்லது வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முன் பின் கண்ணாடிகளின் அடிப்பகுதி, பூட்டு மாட்டும் கதவுத் தூணின் கீழ்ப்பகுதி, பேட்டரி இருக்கும் இடம், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தகடு, இந்த இடங்களை முதலில் பார்ப்பேன். பெயின்டின் தடிமனை அளக்கும் சிறிய கருவி ஒன்று உண்டு, இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் உத்தேசமாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று போனால் அந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஒரு பேனலுக்கு மறுபூச்சு என்பது பெரிய குற்றமல்ல, நாற்பது வருடத்தில் யாருக்குத்தான் கீறல் விழாது. ஆனால் வண்டி முழுவதும் அசல் பெயின்ட் என்று அளந்து காட்ட முடிந்தால், அங்கங்கே கல் பட்ட தழும்பு இருந்தாலும், அந்த வண்டிதான் மேலே போகும். கண்ணாடிகளில் இருக்கும் தேதிக் குறியீடு, ஃபூக்ஸ் நிறுவனம் செய்த அலாய் சக்கரங்களின் உட்பக்கம் அடித்த தேதி எல்லாம் வண்டியின் வயதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இதே வகைதான். திறமையான கைகள் செய்த டிங்கரிங்கை இத்தனைக்கும் அப்பால் மறைக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் "இடிபடாத வண்டி" என்று நான் எழுதித் தருவதில்லை.

இன்ஜினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் சாவியைத் திருகிவிடாதீர்கள். டேங்க்கில் இருப்பது கெட்டுப்போன பெட்ரோல். இன்ஜின் அறையில் இருக்கும் ரப்பர் பெட்ரோல் குழாய்கள் வறண்டு வெடித்திருக்கும், ஏர்கூல்டு 911 தீப்பிடிக்கும் கதைகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன. குழாய்களை மாற்றி, டேங்க்கைக் காலி செய்து, ஆயிலை மாற்றி, தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் கிளம்பவில்லையென்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் டிஎம்ஈ ரிலேயை (இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்ச்) மாற்றிப் பாருங்கள். அற்ப விலைக்குக் கிடைக்கும் அந்தப் பெட்டி செத்துப்போனதால் "இன்ஜின் போச்சு" என்று அடிமாட்டு விலைக்கு விற்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடத் தொடங்கி, சூடேறியபின் ஒரு லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) எடுங்கள். ஆறு சிலிண்டரிலும் கசிவு பத்து சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நல்ல இன்ஜின். ஒன்று மட்டும் இருபதைத் தாண்டினால் மேல்பகுதியைப் பிரிக்க வேண்டிவரும். 3.2-இல் வால்வ் கைடுகள் (வால்வுகள் ஏறி இறங்கும் குழல்கள்) சீக்கிரம் தேய்வதும், சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் உடைவதும் தெரிந்த குறைகள். இரண்டுக்குமே இன்ஜினை வெளியே இறக்கித்தான் வேலை. செலவில் இதுதான் பெரிய தலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்க வருகிறவர், இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் விலை சொல்வார். உங்கள் டீலர் சொன்ன தொகையில் பாதிப் புதிர் இங்கே அவிழும் என்று நினைக்கிறேன்.

டயரைப் பற்றி ஒரு வரி: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2312 என்றால் 2012-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயர் கணக்கில் சேராது.

சரி, குறைகளைச் சரிசெய்து விற்கலாமா? இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஓட வைக்கும் வேலைகள், அதாவது பிரேக், பெட்ரோல் குழாய், ஆயில், பேட்டரி, டயர், போட்ட பணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தரும். ஏனென்றால் ஓடும் வண்டியை மட்டுமே சோதிக்க முடியும், சோதித்த வண்டிக்குத்தான் சந்தேகக் கழிவு குறையும். முழுப் பெயின்ட், புதுத் தோல், இன்ஜினைப் பிரித்து மாட்டுவது எல்லாம் போட்டதில் ஒரு பகுதியைத்தான் தரும். அசல் பெயின்டை உரித்துவிட்டுப் புதிதாக அடித்தால் அது மதிப்பைக் குறைக்கக்கூடச் செய்யும். இந்த வண்டியை 1973 ஆர்எஸ் என்ற பழைய 911 போல மாற்றித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அந்த அசல் ஆர்எஸ் 2.7 மொத்தமே 1,580 வண்டிகள்தான், அதனால் அதன் தோற்றத்துக்கு மோகம் உண்டு. அப்படி மாற்றிய வண்டிகளுக்கும் வாங்குபவர் இருக்கிறார்கள். ஆனால் அது செய்தவருடைய ரசனைக்கான விலை, எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. மாறாக, தூசியே மதிப்பு என்று நினைப்பதும் தவறு. 2015-இல் பாரிஸில் பேயோன் குடும்பத்துச் சேகரிப்பிலிருந்து எடுத்த, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. அந்தத் தொகை தூசிக்குக் கொடுத்தது அல்ல. அந்த மாடலே அபூர்வம், ஒரு காலத்தில் அது நடிகர் அலென் தெலோனிடம் இருந்ததற்கு ஆதாரமும் இருந்தது. உங்களுடையதைக் கழுவுவதற்கு முன் நிறையப் படம் எடுங்கள், பிறகு தாராளமாகக் கழுவுங்கள்.

டீலர் விலை ஏன் கீழே இருக்கிறது என்பதைப் பார்த்தால் அவர்மேல் கோபம் வராது. அவருக்கு லாபம் வேண்டும், வாடகை இருக்கிறது, விற்றபின் ஏதாவது உடைந்தால் வாங்கியவர் அவர் வாசலில்தான் நிற்பார். உடனே பணம், தலைவலி இல்லை என்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் அந்த வித்தியாசம். நேரடியாக விற்றால் அதில் ஒரு பங்கு உங்களுக்கு வரும், பதிலுக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் வண்டியைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏலம் இரண்டுக்கும் நடுவில், அன்றைக்கு யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. எதற்காக மதிப்பிடுகிறீர்கள் என்பதும் தொகையை மாற்றும். இன்சூரன்ஸுக்கு எழுதும் மதிப்பு, வண்டி போய்விட்டால் அதேபோல் இன்னொன்றை வாங்க ஆகும் செலவு, அதனால் கூடுதலாக இருக்கும். பங்காளிகளுக்குள் பிரிக்க எழுதுவது, இன்றைய தேதியில் அவசரமில்லாமல் விற்றால் கிடைக்கக்கூடிய தொகை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேட்டால் சண்டை வரும்.

வைத்திருந்தால் ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1998-இல் 993 என்ற 911 தலைமுறை நின்றதோடு ஏர்கூல்டு 911 முடிந்துபோனது, இனி வராது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் விலை நன்றாக ஏறியதற்கு அது ஒரு காரணம், இளம் வயதில் இந்தக் காரின் போஸ்டரை ஒட்டியிருந்தவர்கள் கையில் பணம் சேர்ந்தது இன்னொன்று. இரண்டாவது காரணம் என்றென்றைக்கும் நீடிக்காது. அடுத்த தலைமுறை எதைத் தேடும் என்பதை அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் விற்க ஒரு வண்டி இருக்கும். நிறுத்தி வைப்பதற்கும் இன்சூரன்ஸுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவைக் கழித்துப் பார்த்தால், முதலீடாக நினைத்து வைத்திருக்க நான் சொல்ல மாட்டேன். ஓட்ட ஆசை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு.

டீலருக்கு ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். உரிமைப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, தயாரிப்பு விவரச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும் நேரத்தில் வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, இந்த மாடலைப் பிரித்து மாட்டிப் பழகிய, வண்டியை வாங்கவும் விற்கவும் ஆர்வமில்லாத ஒருவரிடம் லிஃப்டில் ஏற்றி ஆய்வும் லீக்டவுனும் எடுத்து எழுத்தில் வாங்குங்கள். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், முன் மூடி ஸ்டிக்கர், பெயின்ட் அளவுகள், பில்களின் தேதிப் பட்டியல் இத்தனையும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். எண்களின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் மறைத்துவிட்டுப் படம் போடுங்கள், அதே எண்ணை வேறொரு வண்டியில் அடித்து விற்கிறவர்களும் படம் பார்க்கிறார்கள்.